ஓடக்காரன் படத்தின் கடைசிச் சுருள்

எனக்கு இந்தியர்கள் மேல் எந்தக் கோபமும் கிடையாது, தோழர் லெப்டினன்ட். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அழகான ஜனங்கள், நன்றாகப் பாடுகிறார்கள். ஒரே படத்தில் பதினோரு தடவை பாடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

ஸ்லிவோக்கில் இருப்பது ஒரே தியேட்டர். புதன், சனி இரண்டு நாள் மாலைக் காட்சி. தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு சினிமாவை விட்டால் வேறு நாதி இல்லை. கல்யாணம் ஆகவில்லை, தோட்டம் துரவு இல்லை, ஊசியில் நூல் கோர்க்கக்கூடப் பொறுமை இல்லை. டாக்டருக்கு சோபியாவிலிருந்து வரும் சினிமாப் பத்திரிகையை ஒருநாள் என்னிடம் வைத்திருந்து, வரி விடாமல் படித்துவிட்டுத்தான் அவருக்கு அனுப்புவேன். உலகத்தில் என்னென்ன படம் வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஸ்லிவோக்குக்கு எது வரும் என்பதும் தெரியும். ஒன்றரை வருஷமாக அந்த இந்தியப் படம்தான் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

திருவிழாக் கூட்டத்தில் அண்ணனும் தம்பியும் பிரிந்துவிடுகிறார்கள். அழுதழுது அம்மாவுக்குக் கண் போய்விடுகிறது. அண்ணன் போலீஸ் ஆகிறான், தம்பி திருடன் ஆகிறான். இதற்கு மூன்று மணி நேரம். தியேட்டர் மேனேஜர் மெத்தோதியிடம் நான் நியாயமாகத்தான் கேட்டேன்.

"மெத்தோதி, உனக்கு வேற படமே கெடைக்கலையா?"

"படம் கெடைக்கும்க்கா, பாக்க ஆளு கெடைக்கணுமே. துர்லேவ் வீட்டுல மட்டும் நாப்பத்தேழு பேரு. அவங்களுக்கு இந்தப் படம்னா உசுரு. காட்சிக்கு இத்தன தலை இருக்கணும்னு மாவட்ட ஆபீஸ்ல என் கழுத்துல கத்தி வச்சிருக்கான். உங்க ஒருத்தர் தலையக் காட்டி நான் தப்பிக்க முடியுமா?"

"அப்ப நல்ல படமே போட மாட்ட?"

"போடாம இருக்க முடியுமா? வருஷத்துக்கு நாலு கனமான படம் போட்டே ஆகணும்னு உத்தரவு. யாரும் வராத வாரமாப் பாத்து தள்ளிவிட்டுருவேன்."

இந்த வாக்கியம்தான் என் மனதில் தங்கிவிட்டது.

பிப்ரவரியில் துர்லேவ் வீட்டு அத்தை ஒருத்தி நிமோனியாவில் போய்ச்சேர்ந்தாள். அதில் எனக்குச் சம்பந்தமில்லை, டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்புகளை வீட்டுக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் தியேட்டர் போர்டில் சினிமாப் போஸ்டருக்குப் பக்கத்திலும் ஒட்டினார்கள். துர்லேவ்கள் முறை தவறாதவர்கள். நாற்பது நாள் வீட்டில் ரேடியோ கிடையாது, யாரும் சினிமா பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். மெத்தோதி ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு படத்தைப் போட்டான். ஒரு மனிதர் கிணறு வெட்டுகிறார், தண்ணீர் வரவில்லை. அவ்வளவுதான். அரங்கில் ஆறு பேர் இருந்தோம், அதில் இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள். நான் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை.

நாற்பதாம் நாள் சர்க்கரை போட்ட கோதுமையை ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அடுத்த சனிக்கிழமை இந்தியர்கள் திரும்பிவந்தார்கள்.

அப்போதுதான் பத்திரிகையில் அந்த ஓடக்காரன் படத்தைப் பற்றிப் படித்தேன். பனி உருகி ஆறு பெருகும் நேரத்தில் ஒரு கிழவன் தனியாக ஓடத்தை எடுத்துக்கொண்டு அக்கரைக்குக் கிளம்புகிறான். பாட்டு இல்லை. பேச்சே முக்கால் பக்கம்தானாம். பிரதி மாவட்டக் கிடங்கிலேயே இருக்கிறது, ஆளில்லாத வாரம் வந்தால் எடுக்கலாம் என்றான் மெத்தோதி.

துர்லேவ் குடும்பத்துக்குப் பெரியவர் க்ரோஸ்தான். எழுபத்தொன்பது வயது. அவருடைய தம்பி வெல்கோ நாற்பத்தாறாம் வருஷம் கனடாவுக்குப் போனவர், வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். எல்லாம் என் கைவழியாகத்தான் வரும். நான் யோசித்துப் பார்த்தேன். முப்பத்தேழு வருஷமாகக் கண்ணில் படாத ஒருவர் உயிரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, ஸ்லிவோக்கில் யாருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு குறையப்போவதில்லை. அங்குள்ள பல்கேரியச் சர்ச்சின் செயலாளர் எழுதியது போல ஒரு கடிதம் எழுதினேன். வெல்கோ தூக்கத்திலேயே, வலி இல்லாமல் போய்விட்டார் என்று. வலி இல்லாமல் என்பதை நானாகத்தான் சேர்த்தேன். அவர்கள் மனசு சங்கடப்படக் கூடாதே என்றுதான். கனடாத் தபால்தலை என்னிடம் பழசு இருந்தது.

பெரியவர் கவுண்ட்டரிலேயே கடிதத்தைப் பிரித்தார். இரண்டு தடவை படித்தார். அப்புறம், "சின்னப்பய, எனக்கு முன்னால போயிட்டானே, வெனெத்தா" என்றார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, தண்ணீர் கொடுத்தேன். அவர்கள் கனடாவுக்கு எழுதிய பதில்களை அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். செத்துப்போன ஒருவருக்குத் தபால் அனுப்புவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது வாரம் ஓடக்காரன் வந்தான். தோழர் லெப்டினன்ட், அந்தப் படத்தை நான் எப்படிச் சொல்வேன். தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது, கிழவன் துடுப்பை விடவில்லை, ஓடம் நடு ஆற்றில் ஒரு மரத்தில் மோதுகிறது, அவன் தலை நிமிர்ந்து அக்கரையில் எதையோ பார்க்கிறான். என்ன பார்க்கிறான்? விளக்கைப் போட்டுவிட்டான் மெத்தோதி.

"அவ்ளோதான்க்கா. ஆறு சுருள்னு பெட்டியில எழுதியிருக்கு, உள்ள அஞ்சுதான் இருக்கு. கடைசி எந்த ஊர்ல கெடக்கோ."

"வரவழைடா!"

"எழுதிப் போட்டிருக்கேன். வரும். ஆனா மறுபடி போடுறதுக்கு மறுபடி ஒரு காலி வாரம் வேணும்ல? இவங்க துக்கம் முடிஞ்சிருமே."

சுருள் வந்துசேர்ந்தபோது துக்கம் முடிந்துவிட்டது. இரண்டாவது கிண்ணம் கோதுமையும் சாப்பிட்டாயிற்று. அந்தக் கிழவன் என்ன பார்த்தான் என்ற நினைப்பில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தந்திகளில் எழுத்து மாறிப்போயிற்று. இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கிடையில், ஏப்ரல் பதினான்காம் தேதி, வெல்கோவின் உண்மையான கடிதம் வந்திருந்தது. தனக்கு விசா கிடைத்துவிட்டது, ஜூன் மத்தியில் ஊருக்கு வருகிறேன், அண்ணன் மடியில் தலைவைத்துப் படுக்க வேண்டும் என்று. அதை நான் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். துக்கத்தில் இருக்கும் வீட்டைக் குழப்ப வேண்டாம் என்ற எண்ணம்தான்.

க்ரோஸ்தானின் இதயம் பலவீனமானது. அவருடைய மாத்திரைகள் தபாலில்தான் வரும். ஒருமுறை அவர் மகள் ருமியானா அதை வாங்கும்போது சொன்னாள், "டாக்டர் சொல்லிட்டாருக்கா, கெட்ட சேதி மட்டுமில்ல, திடீர்னு நல்ல சேதி சொன்னாலும் அப்பாவுக்கு ஆகாதாம். அந்தப் படத்துக்கே நாங்க ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்கார்றோம்."

ஜூன் பிறந்துவிட்டது. நீங்களே சொல்லுங்கள், தம்பி திடுதிப்பென்று வாசலில் வந்து நின்றால் அது எவ்வளவு பெரிய அதிர்ச்சி? முன்கூட்டியே தெரிவிப்பதுதானே மனிதத்தன்மை? ஜூன் ஏழு, செவ்வாய், காலை பத்து மணி. எல்லோரும் கூட்டுப் பண்ணைக்குச் செர்ரி பறிக்கப் போயிருந்தார்கள். கூட்டம் இருந்தால் பெரியவரால் நிதானமாகப் படிக்க முடியாது என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். தபால்காரனிடம் கொடுக்காமல் நானே நடந்துபோய்க் கொடுத்தேன்.

"வெல்கோ உயிரோட இருக்காரு பெரியவரே. அடுத்த வாரம் வர்றாரு," என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

அவர் படித்தார். எழுந்து நின்றார். அந்தப் படத்தில் அண்ணன் செய்வது போல இரண்டு கையையும் அகல விரித்தார். எனக்குத் தெரியாத பாஷையில் ஒரு பாட்டை இரண்டு வரி பாடினார், ராகம் பிசகவில்லை. பிறகு வீட்டு முற்றத்துச் செர்ரி மரத்தடியில் சாய்ந்தார். நான் சற்று நேரம் காத்திருந்து, உறுதி செய்துகொண்டு, டாக்டரைக் கூப்பிடப் போனேன். மெதுவாகத்தான் போனேன். எனக்கு முட்டி வலி உண்டு.

மெத்தோதியிடம் சனிக்கிழமைக்கு ஓடக்காரனைப் போடச் சொன்னது அடக்கத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் கேட்பது முறையில்லை. ஆனால் அவன் அடுத்த சனிக்குத்தான் பெட்டி வரும் என்றான். காத்திருந்தேன். நடுவில் வெல்கோ வந்து இறங்கினார், இறந்தவர் எழுந்து வந்ததாக ஊரே கூடிவிட்டது. அவர் அண்ணன் கல்லறையில் விழுந்து புரண்டதைப் பார்த்தபோது, இது ஏற்கெனவே பார்த்த காட்சியாயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை நல்ல உடை போட்டுக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். வாசலில் கறுப்பு உடையில் நாற்பத்தைந்து துர்லேவ்கள் நின்றார்கள். கூடவே வெல்கோ.

"என்ன ருமியானா, துக்க வீட்டுக்காரங்க இங்க?"

"அப்பா எப்பவோ சொல்லிட்டாருக்கா. நான் செத்தா நாப்பது நாள் கதவச் சாத்திக்கிட்டு உக்காராதீங்க, எல்லாரும் போய் எனக்காகவும் அந்தப் படத்தைப் பாருங்கன்னு. மெத்தோதி பாவம், பெட்டியவே மாத்திக் கொண்டாந்துட்டாரு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வாங்க. சாகுறப்ப அப்பா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சேதிய ஓடோடி வந்து சொன்ன புண்ணியவதி நீங்கதானே. அவரு சீட்டுல நீங்கதான் உக்காரணும்."

உட்கார்ந்தேன். ஒருபக்கம் ருமியானா, ஒருபக்கம் வெல்கோ. இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் வெல்கோ சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து உறையைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இதுல வந்து சேர்ந்த முத்திரை ஏப்ரல் பதினாலுன்னு இருக்கே?" என்றார். இருக்கத்தான் செய்யும். வந்த தபாலுக்கு வந்த அன்றே முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. இருபத்தாறு வருஷத்தில் நான் ஒருநாளும் விதியை மீறியதில்லை.

ஆம், நான்தான் செய்தேன். கடிதம் எழுதியதும் நான், ஒளித்ததும் நான், அந்த மனிதரைக் கொல்லும் என்று தெரிந்தே கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடிக்கும் இடத்தில் நான் தேம்பித் தேம்பி அழுததாகவும், குற்ற உணர்ச்சி என்றும் சாட்சிகள் சொன்னதை எழுதிவைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். ஓடக்காரன் அக்கரையில் என்ன பார்த்தான் என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை, அந்த நாற்பத்தாறு பேரும் சேர்ந்து என் வாழ்க்கையை இப்படிப் பாழாக்கிவிட்டார்களே என்றுதான் அழுதேன்.