மொகாமிக்குப் பதிலா

இல்லக்கா, அழுகலை, சிரிக்கிறேன். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வருது, அவ்வளவுதான். கூடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்துங்க, மீன் தண்ணி என் துணியில சொட்டுது. பரவால்ல பரவால்ல, துடைக்காதீங்க. இன்னிக்கு என் மேல என்ன கொட்டினாலும் எனக்குக் கோவம் வராது.

மூஞ்சியிலயா? அது சோள மாவு. எங்க குரியா ஆளுங்க பொண்ணை வெட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப மாவை அள்ளி வீசுவாங்க. ஆமா, பொம்பளைப் புள்ளைங்களுக்குக் கீழ அறுக்கிற அந்த வெட்டுதான். நீங்க லுவோ, உங்க பக்கம் பொண்ணுங்களை ஒண்ணும் செய்யறதில்ல, அதனாலதான் சொல்றேன். பக்கத்துல எங்க ஊர்க்காரி உக்காந்திருந்தா இந்த வண்டி மிகோரி டவுன் போய்ச் சேர்ற வரைக்கும் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி வந்திருப்பேன்.

என் பேரு வெகேசா. வீட்டுக்காரர் போனதும் தம்பி சகிரே வீட்டுக்கே வந்துட்டேன். எனக்குப் புள்ளை குட்டி கிடையாது. தம்பி பொண்டாட்டியும் சின்ன வயசுலயே கண்ணை மூடிட்டா, அவ மக மொகாமியை நான்தான் வளத்தேன். பதிமூணு வயசு. வாய் இருக்கே, அப்பப்பா, காக்கா கூட அவகிட்ட பேசித் தோத்துடும். பைலட் ஆகணுமாம். முதல்ல பால் பானையைக் கீழ போடாம தூக்கக் கத்துக்கோடின்னு சொல்வேன்.

இந்த டிசம்பர் பெருசுங்க கூடி வெட்டுக் காலம்னு அறிவிச்சுட்டாங்க. அது வருஷா வருஷம் வராது. ஒரு தடவை முடிஞ்சா அடுத்தது எப்பன்னு அவங்களுக்கே தெரியாது. இந்த மாசத்தைத் தாண்டிட்டா புள்ளைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். தாண்டலைன்னா பள்ளிக்கூடமும் போச்சு, பைலட்டும் போச்சு, பின்னாடியே ஒருத்தன் பொண்ணு கேட்டு, விலையா மாட்டை ஓட்டிட்டு வந்து நிப்பான்.

சட்டமா? இருக்கே, பேஷா இருக்கு. சட்டம் வந்ததுல எங்க ஊர்ல மாறினது ஒண்ணே ஒண்ணுதான். முன்னெல்லாம் பொண்ணை ஊரே பாக்க நடத்திட்டுப் போவாங்க. இப்ப யாராவது போலீசுல போட்டுக் குடுத்துடுவாங்கன்னு தலையிலேருந்து கால் வரைக்கும் துணியைச் சுத்திக் கூட்டிட்டுப் போறாங்க. உள்ளே யாரு இருக்கான்னு பெத்தவனுக்கே தெரியாது. புரியுதா? இன்னும் புரியலையா? இருங்க, சொல்றேன்.

பொண்ணைக் குளிப்பாட்டித் துணி சுத்துறது அத்தைக்காரி வேலை. விடியக்காலம் பச்சைத் தண்ணியை வச்சுக்கிட்டு நானும் அவளும் குடிசைக்குள்ள. வெளிய விசில் ஊதுறானுங்க, அருவாளைத் தூக்கிக்கிட்டுக் குதிக்கிறானுங்க. தண்ணியைத் தரையில ஊத்தினேன். மொகாமியைப் பின்பக்கமா வாழைத்தோப்புக்குள்ள தள்ளி விட்டேன். அங்க அவ டீச்சரம்மா மோட்டார் பைக்கோட நிக்கிறாங்க. பொண்ணு அசைய மாட்டேங்குது. அத்தை, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேக்குது. போடி கழுதை, நான் உகாலிக் களி கிண்டப் போறேன்னு சொல்லி முதுகுல ஒண்ணு வச்சேன். அப்புறம்தான் ஓடினா.

துணியை எடுத்து நானே சுத்திக்கிட்டேன். நான் குள்ளச்சிதானே, பாருங்க. இந்தக் குள்ளத்துக்கு எத்தனை பேரு கிண்டல் பண்ணியிருப்பாங்க, இன்னிக்குத்தான் பிரயோஜனப்பட்டது. வெட்டுக்குப் போறவ பேசக் கூடாது, அழக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. அதுதான் தைரியமாம். எனக்கு ரொம்ப வசதியாப் போச்சு. குனிஞ்சுக்கிட்டே நடந்தேன். பக்கத்துலயே என் தம்பி புதுக் குடையைப் புடிச்சுக்கிட்டு வர்றான். பயப்படாதே மகளேன்னு என்னைத் தட்டிக் குடுக்கிறான். நான் அவனை விட எட்டு வயசு மூத்தவ.

சிரிங்கக்கா, நல்லாச் சிரிங்க.

எதுக்கு நானே போகணுமா? வேற வழி? பொண்ணைக் காணோம்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் ரோட்டுல நாலு பக்கமும் பசங்களை நிறுத்திடுவாங்க. டீச்சர் மிகோரியைத் தாண்டுற வரைக்கும் பொண்ணு வெட்டுற இடத்துலதான் இருக்கான்னு அவங்க நினைக்கணும். இல்லக்கா, வயசு ஏறிட்டாலும் விட மாட்டாங்க. அந்தப் பக்கம் டான்சானியாவிலேருந்து ஒருத்தி மருமகளா வந்தா. பிரசவ வலியில கத்துறா, அப்பத்தான் பாத்திருக்காங்க, வெட்டாதவன்னு. அந்த வலியிலயே புடிச்சு வச்சு வெட்டினாங்க. சரி விடுங்க, இன்னிக்கு அதைப் பேச வேணாம்.

அங்க ஆம்பளைங்க வரக் கூடாது. வரிசையில இன்னும் நாலு புள்ளைங்க இருந்துச்சு. முதல் ஆளா என்னைக் கல்லுல உக்கார வச்சாங்க. கத்திக்காரம்மா வந்து முழங்கால் வரைக்கும் துணியை விலக்கினா. விலக்கினவ அப்படியே நின்னுட்டா. பொண்ணு காலா அது? நரம்பு சுருட்டிக்கிட்டு, குதிகால் வெடிச்சு, நகம் கறுத்து. இது யாரு வீட்டுக் கிழட்டுக் கால்னு கத்தினா பாருங்க. நான் மூஞ்சித் துணியை இழுத்துப் போட்டுட்டுச் சொன்னேன், வெகேசா வந்திருக்கேன், ஒரு தடவை ஆனவளுக்கு இன்னொரு தடவை செய்வீங்களா, செய்யுங்க, ஆனா எதைன்னு தேடிப் பாத்துச் செய்யுங்கன்னு.

 அப்புறம் ஒரு கிழவி ஹிக்குனு சிரிச்சா. இன்னொருத்தி சிரிச்சா. குலவை போட வந்ததுங்க எல்லாம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துருச்சுங்க. அந்தச் சந்தடியில வரிசையில ஒரு புள்ளை எடுத்தா பாருங்க ஓட்டம். பாக்கி மூணு பேரா? அதைக் கேக்காதீங்கக்கா. போலீசுக்கு டீச்சர் போன் பண்ணாங்க. அவங்க எப்ப வந்தாங்களோ.

நான் மறுபடியும் துணியைச் சுத்திக்கிட்டு மெதுவா வெளிய வந்தேன். வெட்டு முடிஞ்சவ அப்படித்தானே நடப்பா. ரோட்டுல நின்ன பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைப் பாத்ததும் விசிலை எடுத்துட்டானுங்க. ஆட்டம்னா ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம். உள்ளேருந்து கத்திக்காரம்மா கத்துறது ஒருத்தன் காதுலயும் ஏறல. தம்பி குடையை என் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு அழறான், சந்தோசத்துல. வீட்டுக்குத் திரும்பற முக்குல நான் அவன் கையிலேருந்து குடையைப் புடுங்கிக்கிட்டு இந்த வண்டியில ஏறிட்டேன். வண்டி கிளம்பினதும் மூஞ்சியைக் காட்டினேன். அவன் வாயைப் பொளந்துக்கிட்டு நின்ன கோலம் இருக்கே.

வருத்தம்தான். தம்பியாச்சே. இனிமே அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

ஆனா இப்பத்தான் டீச்சர் போன் பண்ணாங்க. மொகாமி மிகோரியைத் தாண்டி கிசி டவுனுக்குப் போய்ச் சேந்துட்டாளாம். ரெண்டு சப்பாத்தியும் டீயும் சாப்பிட்டுட்டு இன்னொரு சப்பாத்தி கேக்கிறாளாம். நான் அங்கதான் போறேன்.

என்னது? உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஆயிடுச்சே, அதனால பயமில்லாம போய் உக்காந்தீங்கன்னு சொல்றீங்களா?

எனக்கு எங்க ஆச்சு, அக்கா?

எங்க ஆளுங்கதான் எல்லைக்கு ரெண்டு பக்கமும் இருக்காங்களே. அந்தப் பக்கம் எங்க மாமா வீட்டுல முடிஞ்சிருச்சுன்னு எங்க அம்மா இங்க சொன்னா. இங்க முடிஞ்சிருச்சுன்னு அங்க சொன்னா. ரெண்டு பக்கமும் என்னைக் குடை புடிச்சு ஊர்வலம் விட்டாங்க. வெட்டாதவ தொழுவக் கதவைத் திறந்தா மாடு சாகும்பாங்க, நான் முப்பது வருஷமாத் திறந்துக்கிட்டிருக்கேன், எல்லாம் தின்னு தின்னு கொழுத்துப் போயிருக்கு. வீட்டுக்காரருக்குத் தெரியும். சாகிற வரைக்கும் வாயைத் திறக்கல அந்த மனுசன்.

அந்தக் கத்திக்காரம்மா துணியை இன்னும் ஒரு சாண் மேல தூக்கியிருந்தா முடிஞ்சது என் கதை. 

அம்மா இல்ல, அவரும் இல்ல. இப்ப தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். கிசி போனதும் மொகாமிகிட்ட சொல்லணும். அந்த மூணாவது சப்பாத்தியை அவ தின்னு முடிக்கட்டும், பக்கத்துல உக்காந்து சொல்லணும், நீயும் நானும் ஒண்ணுடின்னு.