கதவோரக் கதிரை

கோப்பி வேண்டாம் தம்பி, குறை நினைக்காதேங்கோ. முன்வரிசையும் வேண்டாம். இந்தக் கதவோரக் கதிரையில இருந்தாலே எனக்குப் போதும்.

ஓம், என்ர மகளுக்கும் இண்டைக்குப் பரிசு. சாமினி. அந்தா, பச்சைச் சேலை. உங்கட தங்கச்சியும் அதே பட்ச்சோ? நல்லது. படிக்கிற காலத்திலயே ஆராய்ச்சி செய்யிற மெடிக்கல் பிள்ளையளைக் கூப்பிட்டு மேடையேத்திறது பெரிய காரியம்தான்.

தலைப்போ... அது... வயசாளிகளின்ர ஒரு வருத்தம். ஓம், உங்கட கையில இருக்கிற நிகழ்ச்சிப் புத்தகத்தில இங்கிலீஷில போட்டிருக்கினமே, அதேதான். சிரிக்காதேங்கோ தம்பி. சலம், அதுதான் சிறுநீர், அடக்கேலாமல் போற வருத்தம். கோயில்ல கேட்டவைக்கு இருதய ஆராய்ச்சி எண்டுதான் சொல்லி வைச்சனான்.

கொழும்பில வெள்ளவத்தை மாடி பிளட்டுகள், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகள் எண்டு வீடு வீடாப் போனவ. பெண்சாதிக்கே சொல்லாத மனுசரெல்லாம் இவவுக்குச் சொல்லியிருக்கினம். மருந்து இருக்காம், பயிற்சி இருக்காம். வெக்கம்தான் ஆக்களைக் கெடுக்குதாம். உனக்கு வேற தலைப்பு கிடைக்கேல்லையோ பிள்ளை எண்டு கேட்டன். என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ.

நானோ? கோயில்ல தேவாரம் ஓதினனான். இப்ப போறேல்ல. முழங்கால் எண்டு வையுங்கோவன். இந்த உடம்பை எவ்வளவு இழிச்சுப் பாடி வைச்சிருக்கினம் அடியார்மார்! அவ்வளவையும் சந்நிதியில நிண்டு உரத்துப் படிச்ச வாய் தம்பி. அப்ப கூசேல்ல. ஒரு டொக்டரிட்டச் சொல்லத்தான்...

ஆரின்ர பேர் கூப்பிட்டவை? ஓம், அவதான். என்ன, பெற்றாரும் மேடைக்கு வரட்டாமோ? தாய் காலமாயிட்டா, நான் மட்டும்தான். அந்தா, கையைக் காட்டுறா. எழும்பாமல் இருந்தால் எனக்குப் பெருமையில்லையாக்கும் எண்டெல்லோ பிள்ளை நினைக்கப் போகுது.

நில்லுங்கோ தம்பி. நீங்கள் போட்டிருக்கிற கோட்டை ஒருக்காத் தருவீங்களோ? குளிருக்கில்ல. பின்பக்கத்தை மறைக்க. வெள்ளை வேட்டி, நனைஞ்சால் தூரத்துக்கும் தெரியும். வீட்டில ஒளிச்சுத்தான் தோய்க்கிறனான். அவவுக்குத் தெரியாது எண்டு இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்.

எனக்குப் பின்னால ஒட்டினாப்போல மேடைப்படி வரைக்கும் வாங்கோ. மெல்ல, மெல்ல. திரும்பி வந்து இந்தக் கதிரையையும் துடைக்கவேணும். அதுக்குள்ள ஆரும் வந்து இருந்திடக் கூடாது.