டேப்பு பிய்ஞ்ச மிளகாய்க் கப்பு

சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வந்துருச்சு... உங்க கண்ணெல்லாம் பந்திப் பக்கமே போகுது. அதனால நீட்டி முழக்கல. ஒரே ஒரு சின்னக் கதை, கேட்டுட்டு எந்திரிங்க. பொண்ணு மாப்பிள்ளை நல்லாக் கேக்கணும். முன்வரிசையில உக்காந்திருக்கிற சம்பந்திமாரே... நீங்க அதைவிட நல்லாக் கேக்கணும்.

எங்க தெருவுல நிறைமதின்னு ஒரு பொண்ணு புது மருமகளா வந்துச்சு. ஒட்டன்சத்திரம் பக்கம், தோட்டக்காரக் குடும்பம். அப்பா கொடுத்தனுப்பின விதையை எடுத்து, ஐஸ்கிரீம் கப்புல அடியில ஓட்டை போட்டு, மொட்டை மாடியில தக்காளி, கத்தரி, மிளகாய், துளசின்னு நாத்து விட்டுச்சு. முளைச்சுது. ரெண்டு இலை விட்டுது. வந்ததுலேர்ந்து சிரிக்காத பொண்ணு, அன்னைக்குத்தான் சிரிச்சுச்சு.

அப்புறம்... ஒவ்வொண்ணாத் தலை சாய்ஞ்சுது. தண்டு அழுகுது. மண்ணைத் தொட்டா சொதசொதன்னு கிடக்கு. "நான் லேசாத்தானே தெளிச்சேன்?" தண்ணியைக் குறைச்சுது. அப்பவும் சொதசொத. சுத்தமா நிறுத்துச்சு. அப்பவும் சொதசொத! மழை இல்ல... பனி இல்ல... தண்ணி ஊத்தவும் இல்ல. எங்கிருந்துய்யா வருது ஈரம்? உங்களுக்குத் தெரியுதா? அந்தப் பொண்ணுக்கும் தெரியல. தலையே சுத்திருச்சு.

மனசு குழம்பினா சும்மா இருக்குமா? மாமியார் மேல சந்தேகம் போச்சு. அம்மாவுக்கு போனைப் போட்டுச்சு. "நான் வச்சது எதுவும் இங்க தங்கக் கூடாதுன்னு வேணும்னே பண்றாங்கம்மா. நான் அங்கேயே வந்துடுறேன்." பையில துணி அடுக்கியாச்சு. ஆனா போறதுக்கு முன்னாடி கையும் களவுமாப் பிடிக்கணும்ல? விடிஞ்சும் விடியாம மாடிக்குப் போய், தண்ணி டேங்குக்குப் பின்னால நின்னுக்கிச்சு.

முதல்ல மாமியார் வர்றாங்க. கையில சொம்பு! 'மாட்டினாங்க'ன்னு நினைக்குது பொண்ணு. மாமியார் குனிஞ்சு நாத்துக்கிட்டப் பேசுறாங்க... "வாடாதீங்கடா ராசாக்களா... உங்களை நினைச்சு எம் மருமக சோறே திங்க மாட்டேங்குறா." கப்பு நிறைய ஊத்திட்டு இறங்கிட்டாங்க. அடுத்து மாமனார், கையில பாட்டில். "அடடா, தலை தொங்குதே..." அவரும் ஊத்துறாரு. அடுத்து புருஷன் முகிலன்... கையில மக்!

ஒருத்தர் ஊத்துறது இன்னொருத்தருக்குத் தெரியாது. செடி வாட வாட, இன்னும் ஊத்தியிருக்காங்க!

பொண்ணு வெளியில வந்து எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டுச்சு. கப்பைத் தூக்கிப் பார்த்தா, போட்ட ஓட்டையைக் காணோம். டேப்பு ஒட்டியிருக்கு! "மாமா... இது யாரு வேலை?"

மாமனார் குழாய் ரிப்பேர் வேலையில இருந்து ரிட்டயர் ஆனவரு. எது ஒழுகினாலும் அவரு கை சும்மா இருக்காது. "ஒழுகிக்கிட்டே இருந்துச்சும்மா... பாவமேன்னு நாந்தான் அடைச்சேன்."

அழுறதா, சிரிக்கிறதா? தெரியாம நின்னுச்சு பொண்ணு. எல்லா நாத்தும் போச்சு. ஒரே ஒரு மிளகாய் நாத்து மட்டும் நிமிர்ந்து நிக்குது. அது எப்படி? தூக்கிப் பார்த்தா... அந்தக் கப்புல மட்டும் டேப்பு பிய்ஞ்சு தொங்குது. மூணு பேரு ஊத்தினதுல வேணுங்கிறதை வச்சுக்கிட்டு, மிச்சத்தைக் கீழ விட்டிருக்கு. அன்னைக்கே பையில இருந்த துணி மறுபடி பீரோவுக்குப் போயிருச்சு.

சம்பந்திமாரே, எதுக்குச் சொல்றேன்? அந்த வீட்டுல யாராவது வெறுப்புல ஊத்தினாங்களா? இல்ல... பாசத்துல ஊத்தினாங்க. பாசத்துலதான் அழுகுச்சு. பிள்ளைங்க மேல ஆசை இருக்கட்டும். ஆனா ஊத்துறதுக்கு முன்னாடி "வேணுமா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

பொண்ணு மாப்பிள்ளை... நாளையிலேர்ந்து உங்க தலையில ஆளாளுக்கு புத்திமதி ஊத்துவாங்க. தடுக்க முடியாது, தடுக்கவும் வேணாம். அடியில ஒரு ஓட்டை மட்டும் வச்சுக்கங்க. யாரு டேப்போட வந்தாலும் விடாதீங்க.

இவ்வளவு நேரம் நான் ஊத்தினது? அதுவும் அந்த ஓட்டை வழியாப் போகட்டும்... வாங்க, சாப்பிடலாம்.