செல்வி கேக்கில் விட்டுப்போன புள்ளி

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு இளையவளின் மகள் செல்வியைப் பற்றி; அவள் பள்ளிக்குப் போயிருந்தாள்.

“பொறந்தநாள் கேக்குல எம் பொண்ணு பேரை ‘செலவி’ன்னு எழுதிட்டேன்க்கா.”

“இன்னாது, நீ எழுதினியா? உனக்குத்தான் எழுத்தே வராதே!”

“அவ நோட்டைப் பாத்து, பால் கவர் முனையை வெட்டி, கிரீமைப் பிதுக்கி நானே எழுதினேன். ‘ல்’லுக்குப் புள்ளியை விட்டுட்டேன்.”

“சிரிச்சிருப்பாளே?”

“சிரிக்கலக்கா. ஒரு திராட்சையை எடுத்துப் புள்ளியா வெச்சிட்டு, ‘எம் பேரை எழுதிட்டியேம்மா’ன்னு கட்டிக்கிட்டா. உன் குக்கர்லதானேக்கா வெந்துச்சு அந்தக் கேக்கு! நீ நல்லா இருக்கணும்.”

“சரி சரி. செலவிக்கு எவ்ளோ செலவு?”

“நூத்தி இருவது ரூபா. அந்தத் திராட்சையோட சேத்து.”