கறவைச் சட்டை

— இல்லக்கா, சத்தியமா முடியாது. சட்டை இல்லாம கிட்டப் போனா உதைப்பா. பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூட அந்தச் சட்டை இல்லாம நான் பால் கறந்ததில்ல.

— ஏன்டி டைப்பிஸ்ட்டு, என்னைக் கூட்டிட்டுப் போக மாப்பிள்ளை கார்ல வந்துக்கிட்டிருக்காரு. இப்பவா இந்தப் பேச்சு? சட்டைக்கு என்ன ஆச்சு?

— கொடியில காயப்போட்டிருந்தேன். கன்னுக்குட்டி இழுத்து ஒரு கையையே மென்னு துப்பிடுச்சு. இந்தா, பாருங்க. உங்க வாசனை போயிடும்னு இதுக்கு நான் சோப்புகூடப் போட்டதில்லக்கா. உங்க பழைய சட்டை வேற ஒண்ணு குடுத்துட்டுப் போங்க.

— பெட்டியெல்லாம் கயிறு போட்டுக் கட்டியாச்சு. மாடு மடி கனத்து நிக்குது பாரு. நீ வாளியை எடு, நான் பக்கத்துல நிக்கறேன். இந்த முட்டி மடங்கினா நானே உட்காருவேன்.

— நீங்க தள்ளிப் போகக் கூடாது.

— எங்க போறேன்? உட்காரு. ம்... என் கொழுந்தன் உன்னைக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு நீ எப்படி வந்தே, ஞாபகம் இருக்கா? பளபளன்னு செருப்பு. சேத்துல ஒண்ணு போச்சு, இன்னும் கிடைக்கல.

— பெரிய மாமா தவறினப்புறம் நீங்க ஒண்டியா கிடந்து அல்லாடறீங்கன்னுதான் உங்க கொழுந்தன் ஆஃபீஸ் வேலையை விட்டாரு. அவர் விட்டதும் நானும் விட்டேன்.

— விட்டுட்டு வந்து, தக்காளிச் செடிக்குக் காலையும் மாலையும் தண்ணி ஊத்தி வேரோட அழுக வச்சே.

— வாடினா பாவமா இருந்துச்சுக்கா.

— பால் கறந்தியே, அதை எதுல சேர்க்கறது? பத்து விரலையும் வச்சுத் தடதடன்னு தட்டினே. செவலை என்ன, டைப் மெஷினா? விட்டா பாரு ஒரு உதை. வாளி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

— முதல் நாலு நாளும் உதைச்சா. நாலாம் நாள் பெட்டியைக் கட்டிட்டு மோட்டார் ரூம் வாசல்ல போய் உட்கார்ந்துட்டேன். நீங்க வந்து ஒரு வார்த்தை கேட்கல. இந்தச் சட்டையை என் மடியில போட்டு, "மாட்டுக்கு ஆள் தெரியாது, வாசனைதான். என் சட்டையைப் போட்டுக்கோ, நான்னு நினைச்சுக்கும்"னீங்க.

— அன்னிக்கு அரை வாளி கறந்தே.

— அழுதுட்டேன்க்கா.

— தெரியும். கன்னுக்குட்டி கழுத்துல மூஞ்சியை ஒளிச்சுக்கிட்டு அழுதே. சரி, செவலை செத்து எத்தனை வருஷம்?

— ஏழு.

— இது அவ பேத்தி. இவ பிறந்ததுல இருந்து முட்டி வலின்னு நான் தொழுவத்துப் பக்கமே வந்ததில்ல. இவளுக்கு என் வாசனை எப்படித் தெரியும்?

— பரம்பரையா வந்திருக்கும்.

— வாய் மட்டும் குறையல. வாளியைப் பாரு.

— என்னக்கா?

— நுரை வழியுது. பேசிக்கிட்டே கறந்து முடிச்சுட்டே.

— அட... உதைக்கவே இல்ல.

— அந்தச் சட்டை என்னுதே இல்லடி. நீ பெட்டி கட்டறதைப் பார்த்துட்டு, ஓடிப்போய்க் கடையில புதுசா வாங்கினேன். மடிப்புத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு தடவை வைக்கோல்ல போட்டுப் புரட்டினேன். உன் பயம் போச்சு, அது உதைக்கறதும் போச்சு.

— பதினாறு வருஷமா சொல்லவே இல்லையே.

— முதல் வருஷம், சொன்னா போயிடுவியோன்னு பயம். நீயும் போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்? அப்புறம், விடிஞ்சா அதை மாட்டிக்கிட்டு நீ வர்றதைப் பார்க்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். கார் சத்தம் கேட்குது. அதை இப்படிக் குடு.

— இந்தக் கிழிசலையா? இதை வச்சு என்ன பண்ணப்போறீங்க?

— நாலாவது மாடியாம்டி. மக வீடுதான், இருந்தாலும் அங்க ஒரு மூலைகூட எனக்குப் பழக்கமில்ல. உன் சட்டை கூட இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்.