புள்ளி இல்லாத புட்டி

கண்ணில் சொட்டு மருந்து விடுவதைப் பெரும்பாலோர் தப்பாகவே செய்கிறார்கள். அண்ணாந்து பார்த்துக் கருவிழி மேலேயே விட்டுக்கொள்வார்கள். இமை தன்னால் மூடி, மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் அங்கே ஒரு சிறு பை உண்டாகும். அதில் ஒரு சொட்டு போதும். பிறகு மூக்கோர மூலையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும். ஒச்சம்மாக்காவுக்குக் கடைசி வரை நான் அப்படித்தான் விட்டேன், சார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இதை நான் கோழிக்குஞ்சுகளிடம் கற்றேன். இந்தத் தீவில், ஹட் பே கால்நடை மருந்தகத்தில் நான் உதவியாளர். சுனாமிக்கு மறு வருஷம், எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களுக்கு நிவாரணமாகக் குஞ்சுகள் வந்தன. வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க அவற்றின் கண்ணில் சொட்டு விட வேண்டும். அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. சில்லென்று இருந்தால்தான் பிழைத்திருக்கும். கப்பல் தாமதமாகி, நான் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. இனி அது வேலை செய்யுமா? புட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே வழிதான் உண்டு. பாதிக் குஞ்சுகளுக்கு மருந்து விட்டேன், பாதிக்கு உப்புத் தண்ணீர். மருந்து விட்டவற்றின் சிறகில் ஊதா மையால் ஒரு புள்ளி வைத்தேன்.

மழையோடு கழிச்சல் வந்தது. புள்ளி வைத்தவை மேய்ந்துகொண்டிருந்தன. மற்றவை கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தன. உருகிய ஐஸிலும் மருந்து உயிரோடுதான் இருந்தது என்பது அப்படித்தான் தெரிந்தது. போர்ட் பிளேயரிலிருந்து வந்த அதிகாரி என் தோளைத் தட்டி, "பஹுத் அச்சா, நாகரத்தினம். இதுக்குப் பேருதான் ரிசர்ச்" என்றார். குஞ்சுகளைப் பறிகொடுத்தவர்களிடம் நோய் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

அடுத்த வருஷம் மெயின்லேண்டிலிருந்து கண் டாக்டர்கள் முகாம் நடத்த வந்தார்கள். என்னைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. கண்ணாடி போல இருக்க வேண்டியது, வயதானால் வெந்த முட்டை வெள்ளை போலாகிவிடும். கருவிழி ஓரத்தில் ஓர் அரிசி நீளத்துக்குக் கீறி அதை வெளியே எடுத்துவிட்டுப் புதிய வில்லையைச் செருகுகிறார்கள். தையல் கிடையாது. கீறல் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் வரைக்கும் அது திறந்த கதவு. அந்தக் கதவுக்குக் காவல்தான் சொட்டு மருந்து. அவ்வளவு அழகான வேலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜை அலை கொண்டுபோயிருந்தது. மேட்டில் இருந்ததால் எங்கள் மருந்தகத்து ஃபிரிட்ஜ் தப்பித்தது. அதனால் சொட்டு மருந்து என்னிடம் வந்தது. தினமும் காலையில் எல்லோரும் வந்து என் கையால் விட்டுக்கொண்டு போவதாக ஏற்பாடு. பெட்டியைத் திறந்தேன். இந்த முறையும் ஐஸ் உருகியிருந்தது. டாக்டர்கள் அதற்குள் கப்பலேறிவிட்டார்கள். போன் செய்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். செய்திருக்கலாம். "பரவாயில்லை, விடுங்க" என்றிருப்பார்கள். அது நம்பிக்கை, சார். தெரிந்துகொள்வது வேறு.

பாதிப் புட்டிகளைக் காலி செய்து, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை நிரப்பினேன். மருந்துள்ளவற்றின் அடியில் ஊதாப் புள்ளி. யாருக்கு எது என்று நான் முடிவு செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பைக்குள் போட்டுக் குலுக்கி, கையை விட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். எடுத்ததில் அவரவர் பெயரை ஒட்டினேன். ஆபரேஷன் ஆனவர்களில் என் அம்மா அழகம்மாவும் ஒருத்தி. அவளும் பைக்குள் கை விட்டாள். இதைவிட நியாயமாக எப்படிச் செய்வது?

ஒச்சம்மாக்கா சிலோன் தேயிலை மலையிலிருந்து வந்தவர். இங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. இடது கண்ணை முன்பே பனைமுள் எடுத்துக்கொண்டது. டாக்டர்கள் வெட்டியது மிச்சமிருந்த வலது கண்ணை.

"ஏன் தம்பி, மாட்டுக்கு ஊசி குத்துற கைதானே இது?" என்றார் முதல் நாள்.

"மாடு உதைக்கும்க்கா. நீங்க வாயால உதைப்பீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சில நாளில் புள்ளி இல்லாத புட்டிக்காரர்கள் மூன்று பேருக்குக் கண் சிவந்தது. புள்ளிக்காரர்கள் ஒருவருக்கும் இல்லை. ஒச்சம்மாக்கா முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்குது, தம்பி. ராவெல்லாம் தூக்கமில்ல. வேற மருந்து இருந்தாக் குடுப்பா. இந்த ஒரு கண்ணுதான இருக்கு."

வேறு மருந்து அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த ஃபிரிட்ஜில் இருந்தது. பாதியில் மாற்றினால் அதுவரை செய்ததெல்லாம் வீண். குஞ்சுகளுக்கும் நான் பாதியில் மாற்றவில்லை.

"டீக் ஆயிடும்க்கா, சரியாப் போயிடும். அண்ணாந்து பாருங்க" என்றேன். கீழ் இமையை இழுத்தேன். பை சீழால் நிரம்பியிருந்தது. துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டேன்.

அடுத்த கப்பலில் மூவரையும் போர்ட் பிளேயருக்கு அனுப்பினார்கள். மற்ற இருவருக்கு ஒரு கண்ணாவது மிச்சம். ஒச்சம்மாக்காவை இப்போது அவர் மகன் தம்பையா கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார். என் குரல் கேட்டால், "மாட்டு டாக்டரா?" என்று நின்று விசாரிப்பார். அவருக்கு என்மேல் கோபமில்லை. ஐஸ் உருகினாலும் அந்த மருந்து வேலை செய்யும் என்பது இன்று நமக்குத் தெரியும். அதை யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டியிருந்தது.

நேற்றும் இதையேதான் சொன்னேன். அதில் ஒரு திருத்தம் உண்டு. அதற்காகத்தான் உங்களை மறுபடி வரச் சொன்னேன். எல்லோரும் தாங்களே எடுத்ததாகச் சொல்லியிருந்தேன். எடுத்தது உண்மைதான். அன்று எல்லோரும் போனபின் அம்மாவின் புட்டியைத் தூக்கி அடியில் பார்த்தேன். புள்ளி இல்லை. பக்கத்திலிருந்த புட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. இரண்டிலும் பெயர்த்தாளை உரித்து மாற்றி ஒட்டினேன். பக்கத்துப் புட்டி ஒச்சம்மாக்காவுடையது.

ஆகவே அந்த இருவரையும் முறைப்படி சோதனையில் சேர்க்கக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள், சார். அவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறாது.