தத்தக்கா குடித்த தண்ணீர்

இங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, ஐயா. வாலாஜாபாத்தில் என் தலைக்கு மேலே இருப்பது பேருக்குத்தான் விசிறி. அதற்கடியில் பதினொரு வருடம் உட்கார்ந்து தபால் பிரித்தவன் நான். ஆகவே சாவகாசமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் பாண்டுரங்கன். குடிநீர்ப் பரப்புரை அலுவலகத்தில் தபால் எழுத்தர். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. மற்றபடி நான் ஒரு தவளை.

சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். போன வருடம் மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீரின் அருமையைச் சொல்ல அலுவலகத்துக்கு ஒரு பொம்மை வேடம் வேண்டுமாம். எங்கள் அதிகாரி எல்லப்பன் சார் அதைப் படித்துவிட்டு, "யாருய்யா இதுக்குள்ள பூர்றது?" என்றார். ஆளாளுக்கு மேசையைப் பார்த்தார்கள். உயரம் பொருந்துகிறது என்று என்னைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். பச்சை வெல்வெட் தோல், பஞ்சு வயிறு, தேங்காய் மூடி அளவுக்கு இரண்டு கண். தத்தக்கா என்று பெயர் வைத்தவன் நான்தான். கோப்பில் அது பதிவாகவில்லை. இப்போதாவது பதிவாகட்டும்.

ஒரகடம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில்தான் முதல் நிகழ்ச்சி. அலுவலகத்தில் என்னை "தபாலு" என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே இருநூறு பிள்ளைகள் தத்தக்கா, தத்தக்கா என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். காலைக் கட்டிக்கொண்டார்கள், வயிற்றைக் குத்திப் பார்த்தார்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கவிப்பிரியா, உள்ளே இருப்பது அப்பா என்று தெரியாமலே எனக்கு முத்தம் கொடுத்தாள். எனக்குச் சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. வெயிலில்தான் அப்படி என்றார் ஊர்க் கம்பவுண்டர். அவருக்கு என்ன தெரியும்?

நிகழ்ச்சியின் உச்சம் அடிபம்பு. நான் தத்தித் தத்திப் போய்க் கைப்பிடியில் தொங்குவேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு ஒரு டம்ளர் பிடித்துத் தவளை வாயில் ஊற்றிக்கொள்வேன். தவளையின் வாய் என் நெற்றிக்கு மேலே இருந்தது, ஆகவே தண்ணீர் உள்ளே கட்டியிருந்த ஒரு மக்கில் விழும். நான் வேடத்துக்குள் மடியில் வைத்திருந்த அலுவலகத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று சத்தம் வரக் குடிப்பேன். ஆரம்பத்தில் இதில் ஒரு சூதும் இல்லை. பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தத்தக்கா குடித்ததும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்து குடிப்பார்கள்.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. பள்ளி அடிபம்பின் நீர்ச் சோதனை அறிக்கை. பள்ளிக்குப் பின்னால் புதிதாக வந்த முலாம் பட்டறையின் கழிவு நிலத்தடியில் இறங்கியிருக்கிறது, குடிக்கத் தகுதியற்றது, உடனடியாக மூடவும் என்று இருந்தது. 'உடனடியாக' என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

ஐயா, நீங்களே யோசியுங்கள். நாளை மறுநாள் சுதந்திர தினம். மூன்று பள்ளிப் பிள்ளைகளை எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சேர்த்து, நடுவில் தத்தக்கா. அறிக்கையை எல்லப்பன் சாரிடம் கொடுத்தால் அன்று மாலையே பம்பைக் கழற்றிவிடுவார்கள். பம்பு இல்லாத இடத்தில் தவளைக்கு என்ன வேலை? இரண்டு நாள் பொறுத்துக் கொடுக்கலாம் என்று ஒரு பழைய கோப்புக்குள் செருகினேன். ஆனால் உள்வரும் தபால் பதிவேட்டில் அதை ஏற்றிவிட்டுத்தான் செருகினேன். வரிசை எண் 412, என் கையெழுத்து. ஒரு தபாலையாவது பதியாமல் விட்டவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் கவிப்பிரியாவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு வாட்டர் பாட்டில் வாங்கினேன். தினமும் அலுவலகக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து காய்ச்சி ஊற்றிக் கொடுத்தேன். யாருக்கும் கொடுக்கக் கூடாது, எச்சில் என்று சொல்லி வைத்தேன்.

சுதந்திர தினம் பிரமாதமாக நடந்தது. அதன் பிறகு அங்கே இங்கே என்று அழைப்புகள், நான் மிதந்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் ஒரு மாதம் ஆகிவிட்டது. செப்டம்பரில் தலைமையாசிரியை செங்கமலம் எழுதினார். தண்ணீர் மஞ்சளாக வருகிறது, கசக்கிறது என்று பிள்ளைகள் குடிக்க மறுக்கிறார்கள், தத்தக்கா ஒருமுறை வந்து எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும் என்று. கடிதத்தைத் தத்தக்காவின் பெயருக்கே எழுதியிருந்தார். அதை நான் பலமுறை படித்தேன்.

போனேன். என் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் சுபாஷ் என்ற பையன் முன்னால் வந்து நின்றான். "தத்தக்கா, தண்ணி கசக்குது. நீ குடி, அப்பத்தான் நா குடிப்பேன்." நான் ஒரு டம்ளர் குடித்தேன், அவனும் குடித்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் இரண்டாவது குடித்தேன், அவனும் குடித்தான். மூன்றாவதற்கு மொத்தப் பள்ளியும் எண்ணிக்கொண்டிருந்தது. விடவே மாட்டான் போலிருந்தது, நல்ல பையன். மூன்றாவதோடு நான்தான் நிறுத்தினேன், அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாளிலிருந்து பிள்ளைகள் பழையபடி குடிக்க ஆரம்பித்தார்கள் என்று செங்கமலம் டீச்சர் நன்றிக் கடிதம் போட்டார்.

அக்டோபரில் ஒன்றன்பின் ஒன்றாக வாந்தி. சுபாஷும், ஷாரோன் என்று ஒரு பெண்ணும் பெரியாஸ்பத்திரியில் இறந்தார்கள். சிறுநீரகம் என்றார்கள். வருத்தமாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் தத்தக்காவின் பெயரில் மாலை அனுப்பினேன்.

சுபாஷின் அம்மா அம்சவல்லி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறவள். துக்கம் விசாரிக்க என் மனைவியோடு போன கவிப்பிரியா அவளிடம், "சுபாஷ் என் பாட்டில்ல தண்ணி கேட்டான் ஆன்ட்டி. எங்கப்பா யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னாரு, நா குடுக்கல" என்று சொல்லி அழுதிருக்கிறாள். குழந்தைக்கு எங்கே எதைச் சொல்வது என்று தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை அம்சவல்லி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். தவளைக்குள் இருந்தவர் யார், அது குடித்தது எந்தத் தண்ணீர், அந்தத் தண்ணீரைச் சோதித்த காகிதம் எங்கே, நகல் வேண்டும். மனு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? 'உரிய நடவடிக்கைக்கு' என்று முத்திரை வாங்கிக்கொண்டு, மேசை மேசையாக இறங்கி, பத்தாம் நாள் என் மேசைக்கே வந்து சேர்ந்தது. அலுவலகமே சிரித்தது. "தவளக்கி சர்வீஸ் புக் கீதான்னு பாருய்யா" என்றார் எல்லப்பன் சார். நானும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பதில் தட்டச்சு செய்தேன். 'இவ்வலுவலகத்தில் தவளை என எவரும் பணிபுரியவில்லை.' அதில் பொய் ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவது மனுவோடு அவள் நேரிலேயே வந்தாள். யாரோ விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தபால் பதிவேடு, சுற்றுப்பயண நாட்குறிப்பு, இரண்டுக்கும் நகல் கேட்டு முறையாகக் கட்டண வில்லை ஒட்டியிருந்தாள்.

"நீங்க கவி அப்பாதான சார்? அந்தத் தவள இன்னா தண்ணி குடிச்சிது? அத்த மட்டும் சொல்லிடுங்க. எம்புள்ள அத்தப் பாத்துதான் குடிச்சான்."

"எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில், அம்மா" என்றேன். மனு குறையில்லாமல் இருந்தது. குறையில்லாத மனுவைத் திருப்பி அனுப்பும் வழக்கம் என்னிடம் இல்லை. நகல்களை நானே என் கையால் எழுதினேன். பதிவேட்டில் வரிசை எண் 412, அந்தச் சோதனை அறிக்கை. நாட்குறிப்பில் செப்டம்பர் மாதப் பக்கம்: 'பள்ளி நிகழ்ச்சி சிறப்பு. தவளை வேடம்: பாண்டுரங்கன். பருகிய நீர்: அலுவலகத்திலிருந்து எடுத்துச் சென்ற பாட்டில், ஒன்று.' சரிபார்த்து, முத்திரை குத்தி நீட்டினேன். அவள் அங்கேயே எழுத்துக்கூட்டிப் படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் மேசையிலிருந்த டம்ளரை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். பியூன்தான் துடைத்தான். அந்த நகல்களோடுதான் உங்களிடம் வந்தாளாம்.

ஆகவே மறைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அறிக்கையைப் படித்தேன், எடுத்து வைத்தேன், தெரிந்தே போய் அந்தப் பிள்ளைகளைக் குடிக்க வைத்தேன். எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தடயம் என்று தத்தக்காவைச் சாக்கில் கட்டி உங்கள் ஸ்டேஷன் பின்கட்டில் போட்டிருக்கிறீர்களாம். அங்கே எலி அதிகம், வெல்வெட் தாங்காது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் தத்தக்கா எங்கே என்று கேட்பார்கள், அவர்களுக்கு நான்தானே போக வேண்டும்.